பதினாலாம் நம்பர் கட்டில்

மணி பதினொன்று ஐந்து. நான்கு நோயாளிகளின் சார்ட் முடிந்தது, ஐந்தாவதை இன்னும் திருப்பவில்லை, தலைக்கு மேலே ட்யூப்லைட் துடிக்கிறது. துடிக்கட்டும், அதற்கு வேறு வேலை இல்லை, எனக்கு இருக்கிறது. போன நவம்பரில் இதே ஹாலில் இதே விளக்கு துடித்தபோது நான்தான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன், வராந்தாவில் தலையைக் குனிந்து உட்கார்ந்தேன், வரும் வரும் என்று காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை, பயம் மட்டும்தான் வந்தது, அதற்குள் வகுப்பு முழுக்க கோகிலவாணிக்கு ஃபிட்ஸ் வந்துவிட்டது என்று பேசி முடித்துவிட்டார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதை. அரியர் விழுந்தது. அந்த அரியரைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து சார்ட்டில் நான்கு சரியாக வேண்டும், நோய்க்குப் போடுகிற எண், கோட், ஒன்று தவறினாலும் அந்த சார்ட்டே சைபர், முடிக்க முடிக்க ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்பது இங்கே வழக்கம். இரண்டாவது சார்ட்டைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, இடது கணுக்காலுக்கு வலது கணுக்காலின் எண்ணைப் போட்டிருக்கிறேன். எந்தக் கால் என்று டாக்டர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார், நான் எந்த உலகத்தில் இருந்தேனோ. ஆகவே இந்த ஐந்தாவது தப்பக் கூடாது. தப்பினால் இரண்டு வருடப் படிப்பு சான்றிதழ் இல்லாமல் முடியும், மறுபடியும் மணப்பாறை, மறுபடியும் வாசலில் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலம். பென்சில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சாவி இருக்கிறது. ஒரு சாண் நீளம், துருப்பிடித்த இரும்பு, பழைய பீரோ சாவி. காலையில் சூப்பர்வைசர் இதைத் தூக்கிப் பார்த்து, "இது எதுக்கும்மா பரீட்சைக்கு?" என்றார். "ராசி, மேடம்" என்று சொன்னேன். கைகால் இழுத்தால் கையில் இரும்பு திணிக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். சாவியை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தேன், கைக்கெட்டும் தூரத்தில்.

ஒரே ஒரு தடவை. அதை யாரிடம் சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அரை அடி தள்ளி உட்காருகிறார்கள். பதினேழு வயதில், பிளஸ் டூ முடித்த கோடையில், மூன்று நாள் வாந்தி, வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தேன், நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க வரிசையில் நின்றபோது தரை சாய்ந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியை, கைகால் இழுத்ததை, அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன், நூறு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் கூடிக்கொண்டே போகும். பகல் பூராவும் ஒரு கட்டிலில் போட்டு பாட்டில் ஏற்றினார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், கையில் ஒரு சீட்டு. டாக்டர் கையால் எழுதியதில் எபிலெப்சி என்று சந்தேகம் என்றிருந்தது, அதைப் பார்த்து டைப் அடித்த சீட்டில் எபிலெப்சி இருந்தது, சந்தேகம் இல்லை. மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போயிருக்கும், டைப் அடித்தவருக்குப் பசித்திருக்கும், ஒரு சொல் குறைந்தால் என்ன என்று இருந்திருப்பார். அந்தச் சீட்டு ஃபைலின் முதல் பக்கமாகிவிட்டது. நர்ஸிங் காலேஜில் உடல் தகுதிப் படிவத்தோடு அதைக் கேட்டார்கள், பார்த்தார்கள், சீட் இல்லை என்றார்கள். மூன்று வருடம் மாத்திரை. அம்மா முறுக்குப் பிழிகிற பட்டறையில் எண்ணெய்ச் சட்டிக்குப் பத்தடிக்குள் நான் வரக் கூடாது, வாசலில் உட்கார்ந்து பொட்டலம் கட்டலாம். சைக்கிள் போனது, கிணற்றடி போனது, கல்யாண வீடுகளில் அத்தைகள் என்னைப் பார்க்கிற பார்வையில் ஒரு ஐயோ பாவம் வந்து குடியேறியது. இரண்டு வருடத்துக்கு முன் மதுரையில் நரம்பு டாக்டர் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உடம்புல உப்பு இறங்கிருச்சும்மா, அதனால வந்தது. இது வலிப்பு நோயே இல்ல. மாத்திரைய நிறுத்து." நிறுத்தினேன். ஆனால் அவர் சொன்னது வாயால். சீட்டு சீட்டாகவே இருந்தது. அம்மாவும் வாயால் சொன்னதை நம்புகிற ஆள் இல்லை, காகிதத்தை நம்புகிறவள், படிக்கத் தெரியாதவர்களுக்குக் காகிதத்தின் மேல் இருக்கிற பக்தி படித்தவர்களுக்கு வராது.

அதனால்தான் இந்தப் படிப்பு. ஊரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. டாக்டர் எழுதுவதை நம்பராக மாற்றுகிற படிப்பு என்று அம்மா ஒருவழியாகச் சொல்லிப் பழகிக்கொண்டாள், அதுவே சரியான விளக்கம், பாடப் புத்தகத்தில்கூட இவ்வளவு சுருக்கமாக இல்லை. அமெரிக்காவில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்தால், அங்கே இன்ஷூரன்ஸ் பில்லுக்காகத் திருச்சியில் உட்கார்ந்து நாங்கள் எண் தேடுவோம். ஆமை கடித்ததற்கு எண் இருக்கிறது. தண்ணீரில் சறுக்குகிற பலகை தீப்பிடித்ததற்கு இருக்கிறது, தண்ணீரில் எப்படித் தீப்பிடிக்கும் என்று வகுப்பில் ரோஸ்லின் கேட்டதற்கு, பிடிச்சா என்னம்மா பண்ணுவ, தயாரா இருக்க வேணாமா என்றார் ஃபர்ஹானா மேடம். கொதிக்கிற எண்ணெய் தெறித்ததற்கும் இருக்கிறது, எக்ஸ் 10.2, அதை முதல் வாரமே தேடி வைத்துக்கொண்டேன். வந்த நோய்க்கெல்லாம் எண், வராத நோய்க்கு எண் கிடையாது. இந்த ஒரு வரிக்காகத்தான் ஃபீஸ் கட்டினேன் என்று தோன்றும். சரி, திருப்பு. மணி பதினொன்று பத்து. திருப்பினேன். பெண், வயது இருபத்திரண்டு. மூன்று நாளாக வாந்தி. கடையில் பில் போடுகிற வரிசையில் நின்றபோது விழுந்து கைகால் இழுத்தது, ஒரு நிமிடம்.

வரிசை. இவளும் வரிசையில்தான் நின்றிருக்கிறாள். இடது கை விரல் நுனியில் எறும்பு ஊறுகிறது. ஊறவில்லை, ஊறுகிற மாதிரி இருக்கிறது, ஊறுகிற மாதிரி இருப்பதுதான் ஆரம்பம் என்று எவனோ இணையத்தில் எழுதியதைப் பதினெட்டு வயதில் படித்துத் தொலைத்தேன். சாவியை எடுத்தேன். கை வியர்வையில் இரும்பு வாசனை கிளம்பியது. விளக்கு துடிக்கிறது. முன் வரிசையில் ரோஸ்லின் பின்னல் நுனியைக் கடித்தபடி எழுதுகிறாள், அவளுக்கும் அரியர், அவளுக்கு வேறு காரணம், அண்ணன் கல்யாணம். எழுந்து போய்விடலாமா. போனால் வராந்தா, வராந்தாவுக்குப் பிறகு பஸ், பஸ்ஸுக்குப் பிறகு வாசல். இந்தத் தாளை யார் இங்கே வைத்தார்கள், என் ஃபைலைப் பார்த்து வைத்தார்களா, போடீ பைத்தியம், இவள் அமெரிக்காவில் ஓஹாயோவில் இருக்கிறாள், உன் ஃபைல் மணப்பாறையில் பீரோ இல்லாத வீட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. மேலே படி. ஆம்புலன்ஸில் வந்தாள். கட்டில் எண் பதினான்கு. ரத்தப் பரிசோதனை, சோடியம் நூற்று இருபத்தொன்று. பாட்டில் ஏற்றப்பட்டது. ஒன்பது மணி நேரம் கண்காணிப்பு, மறுபடி வரவில்லை, வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். டாக்டரின் கடைசி வரி: வலிப்பு ஒரு முறை, எபிலெப்சி என்று சந்தேகம், நரம்பு மருத்துவரைப் பார்க்கவும். அந்தச் சொல் அங்கேயே இருக்கிறது. சந்தேகம். யாரும் சாப்பிடப் போகவில்லை, யாரும் அதை விழுங்கவில்லை, முழுசாக, தெளிவாக, டாக்டர் எழுதியபடியே இருக்கிறது. இவளுக்காவது இருக்கிறதே என்று நினைத்தேன், புறங்கையால் கண்ணைத் துடைத்தேன். பரீட்சை ஹாலில் அழுகிறவளை என்ன எண்ணில் போடுவார்களோ.

விதி எனக்குத் தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வெளிநோயாளி என்றால் சந்தேகம் கணக்கில்லை, உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுது. உள்நோயாளியாகச் சேர்த்து, வீட்டுக்கு அனுப்பும்போதும் சந்தேகம் என்றே எழுதியிருந்தால் அந்த நோய் இருப்பதாகவே வைத்துக்கொண்டு எழுது. ஒரே சொல், வாசலுக்கு இந்தப் பக்கம் ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் ஆயுள் தண்டனை. ஆக இவள் எந்தப் பக்கம். கட்டில் எண் பதினான்கு. கட்டில் கொடுத்துவிட்டார்கள், ஒன்பது மணி நேரம் வைத்துவிட்டார்கள், அப்படியென்றால் சேர்த்ததுதானே. சேர்த்ததென்றால் சந்தேகம் நோயாகிவிடும், ஜி 40.909, எபிலெப்சி. என் பேனா எழுதிக்கொண்டிருக்கிறது. ஜி, நான்கு, பூஜ்யம். எனக்குமே கட்டில் கொடுத்தார்கள். அப்படியானால் அந்த டைப் அடித்தவர் செய்ததும் சரியா, சரிதானா, ஐந்து வருடமாக நான் மனசுக்குள் வைதுகொண்டிருந்த மனிதர் விதிப்படி நடந்தவரா. பேனா நின்றது. கட்டில், கட்டில், கட்டில். ஃபர்ஹானா மேடம் பிப்ரவரியில் ஒருநாள் கரும்பலகையில் கட்டில் படம் போட்டார், நான்கு காலும் நான்கு நீளம், எல்லோரும் சிரித்தோம். "கட்டில்ல படுத்தா அட்மிஷனா? நான்கூட மத்தியானம் வீட்ல கட்டில்லதான் படுக்குறேன், எந்த டாக்டர் என்னைய அட்மிட் பண்ணாரு?" சேர்க்கச் சொல்லி டாக்டர் உத்தரவு எழுதினால்தான் உள்நோயாளி. கண்காணிப்பு என்பது வெளிநோயாளிதான், ஒன்பது மணி நேரம் படுத்திருந்தாலும், போர்வை கொடுத்தாலும், கஞ்சி கொடுத்தாலும். தாளைத் திருப்பினேன், ஒவ்வொரு பக்கமாக, விரல் வைத்து, வாய்க்குள் படித்து. ஆம்புலன்ஸ் பக்கம், நர்ஸ் பக்கம், மருந்துப் பக்கம், டாக்டர் பக்கம். சேர்க்கும் உத்தரவு இல்லை. மறுபடி முதலிலிருந்து. இல்லை. பதினான்கு பக்கத்திலும் இல்லை. ஜி 40 மேல் ஒரு கோடு போட்டேன், அழுத்தி, அடுத்த தாளில் பள்ளம் விழுகிற மாதிரி. புத்தகத்தில் அகரவரிசையில் தேடி, அங்கேயே நின்றுவிடாமல் உள்ளே போய்ப் பார்த்து, குறிப்பெல்லாம் படித்து, எழுதினேன். ஆர் 56.9. வலிப்பு, அவ்வளவுதான். ஒரு முறை வந்த ஒன்று. அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று சொல்கிற எண். கீழே வாந்திக்கு ஒன்று. ஓஹாயோக்காரி, நீ பிழைத்தாய்.

பிழைத்தாளா, இன்னும் இல்லை. சோடியம் நூற்று இருபத்தொன்று கண்ணைக் குத்துகிறது. குறைவு, மிகக் குறைவு, இதுதான் காரணம், எனக்குத் தெரியும், மதுரை டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னது இதைத்தான். உப்பு இறங்கியதற்கும் எண் இருக்கிறது, அதை எழுதிவிட்டால் இவள்மேல் ஒரு பழியும் நிற்காது. எழுதப் போனேன். டாக்டர் எழுதியிருக்கிறாரா. எழுதவில்லை. பரிசோதனைத் தாளில் எண் மட்டும் இருக்கிறது, அதைப் பார்த்து இது இன்ன நோய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, டாக்டர் சொல்ல வேண்டும். எனக்குப் பிடிக்காததை எழுதக் கூடாது என்றால் எனக்குப் பிடித்ததையும் எழுதக் கூடாது. இது கசந்தது. ஐந்து வருடமாக ஒருவர் தனக்குத் தோன்றியதை எழுதியதற்குத்தானே நான் அனுபவித்தேன், இப்போது நல்லெண்ணத்தோடு நானும் அதையே செய்தால் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம், அவருக்குப் பசி, எனக்குப் பாசம். விடைத்தாளின் அடியில் ஒரு கட்டம் இருக்கும், டாக்டரிடம் கேட்க வேண்டியது என்று. பாதிப் பேர் அதைக் காலியாகத்தான் விடுவார்கள். நான் எழுதினேன்: சோடியம் 121 என்று உள்ளது, பாட்டில் ஏற்றப்பட்டுள்ளது, ஆனால் நோயின் பெயர் குறிப்பிடப்படவில்லை, இதற்கும் வலிப்புக்கும் தொடர்பு உண்டா என்று தெரிவிக்கவும். எழுதிவிட்டு அந்த இரண்டு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்காக ஒரு ஆள் இந்த இரண்டு வரியைக் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு நான் கேட்டேன். தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம், விளக்கு துடித்ததா இல்லையா என்று நான் பார்க்கவில்லை.

வைவா பக்கத்து அறையில். எக்ஸ்டர்னல், வெளியிலிருந்து வரும் தேர்வாளர், சென்னையில் ஒரு கம்பெனியிலிருந்து வந்திருக்கிறார், பெயர் தேசிங்குராஜன், பன்னிரண்டு வருட அனுபவம், சட்டைப் பையில் சிவப்புப் பேனா. ஓரத்தில் ஃபர்ஹானா மேடம். எனக்கு முன்னால் போய்விட்டு வந்த ரோஸ்லின் கண்ணால் ஏதோ சொல்ல முயன்றாள், புரியவில்லை. உட்கார்ந்தேன். என் தாள்களில் இரண்டாவதில் சைபர், அது எனக்குத் தெரிந்ததுதான். ஐந்தாவதிலும் சைபர். சிவப்பு, பெரிய சைபர், முட்டை மாதிரி. "ரெண்டு சார்ட் போச்சேம்மா," என்றார் அவர், நல்லவிதமாகத்தான். "கணுக்கால் பரவால்ல, எல்லாரும் பண்றதுதான். இது எப்படி? சஸ்பெக்டட் எபிலெப்சின்னு இருக்கு, இன்பேஷன்ட், ஜி நாப்பது வரணும். நீயே எழுதிட்டு அடிச்சிருக்க பாரு." விரலில் எறும்பு இல்லை. அதை முதலில் கவனித்தேன். பிறகு என் குரலைக் கேட்டேன், என்னைக் கேட்காமலே அது கிளம்பியிருந்தது. "இன்பேஷன்ட் இல்ல சார்." "கட்டில் நம்பர் போட்ருக்கேம்மா. பதினாலு." "கட்டில் இருக்கு சார். அட்மிஷன் ஆர்டர் எந்தப் பக்கத்துல இருக்கு?" அவர் தாளைத் திருப்பினார். நான் திருப்பிய மாதிரியே, ஒவ்வொரு பக்கமாக, கடைசியில் விரல் வைத்து. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. மறுபடி முதலுக்கு வந்தார். "இந்த விடைக்குறிப்பு மூணு வருஷமா ஓடுதும்மா," என்றார், யாரிடமோ சொல்வது போல. "மூணு வருஷமா தப்பா ஓடுது சார்." ஃபர்ஹானா மேடம் இருமினார், இருமலில் சிரிப்பு இருந்தது. "அப்சர்வேஷன் அவுட்பேஷன்ட்தான் சார். அவுட்பேஷன்ட்ல சந்தேகத்த எழுதக் கூடாது. டாக்டருக்கே உறுதியில்லாதத நாம உறுதியாக்கக் கூடாது. அந்தப் பொண்ணு வாழ்நாள் பூரா அத சொமக்கணும் சார்." கடைசி வாக்கியம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அப்புறம் கீழே கட்டத்தில் நான் டாக்டருக்கு எழுதிய இரண்டு வரியைப் படித்தார், இரண்டாம் தடவையும் படித்தார். சிவப்புப் பேனாவால் அந்த முட்டையை அடித்தார், பக்கத்தில் கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார். விடைக்குறிப்பிலும் அடித்தார். "இன்னும் யாராவது ஆர் அம்பத்தாறு எழுதியிருந்தாங்களா மேடம்?" "ரோஸ்லின் எழுதிருந்தா சார். நீங்க சைபர் போட்டீங்க, அவ வாயத் திறக்கல." "கூப்பிடுங்க," என்றார். "அந்தத் தாளையும் எடுங்க."

நாலு சார்ட். பாஸ். வராந்தாவில் வெயில் பளீரென்று இருக்கிறது, நவம்பரில் நான் தலைகுனிந்து உட்கார்ந்த அதே தூண், இப்போது அதில் சாய்ந்து நிற்கிறேன், ரோஸ்லின் வந்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, "உனக்கு எங்கேருந்துடீ இவ்ளோ வாய் வந்துச்சு?" என்கிறாள், அது எனக்கே தெரிந்தால் சொல்ல மாட்டேனா. சந்தோஷமாக இருக்கிறது. சுற்றி வளைக்க வேண்டாம், சந்தோஷம். ஒரு சீட்டை எதிர்த்து ஒரு சீட்டால் ஜெயித்திருக்கிறேன். புதன்கிழமை எனக்குச் சீட்டுக் கொடுத்த அந்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் செக்‌ஷனுக்குப் போக வேண்டும், அங்கே இருக்கிற என் ஃபைலைக் கேட்க வேண்டும், டாக்டர் கையால் எழுதிய தாள் உள்ளேதான் இருக்கும், அதையும் டைப் அடித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திருத்தக் கோரி விண்ணப்பம், எப்படி எழுத வேண்டும் என்று மூன்றாம் பருவத்தில் பாடமே இருந்தது, பதினைந்து மார்க். டைப் அடித்தவர் இன்னும் அங்கே இருந்தால் திட்ட மாட்டேன். சாப்பிட்டாச்சா சார் என்று மட்டும் கேட்பேன். போன் அடித்தது. அம்மா. பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தம்.

"என்னாச்சு?"

"பாஸ்மா."

ஜல்லிக்கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சாவி கையில இருக்குல்ல?" என்றாள். வழக்கமான கேள்வி, ஒரு நாளைக்கு நான்கு தடவை கேட்பது. பென்சில் பெட்டியைத் திறந்தேன். பேனா, ரப்பர், ஹால் டிக்கெட். சாவி இல்லை.

"ஹால்லயே வச்சுட்டு வந்துட்டேன்மா."

"எப்பக் கடைசியாப் பாத்த?"

யோசித்தேன். கட்டிலைப் பற்றி யோசிக்கத் தொடங்கியபோது கையில் இருந்தது. எப்போது கீழே வைத்தேன் என்று தெரியவில்லை. "பதினொன்னேகால் இருக்கும்."

"இப்ப மணி என்ன?"

"ஒன்னே முக்கால்."

அம்மா மனசுக்குள் கணக்குப் போடுவது எனக்குக் கேட்டது. "ரெண்டரை மணி நேரமா அது இல்லாமயா இருந்த?"

"ஆமா. தேடவே இல்லம்மா. போய் எடுத்துட்டு வரவா?"

"கெடக்கட்டும் விடு," என்றாள். "அந்த பீரோவ எடைக்குப் போட்டே நாலு வருஷமாச்சு." பக்கத்தில் யாரிடமோ ஏதோ அதட்டினாள், மறுபடி போனுக்கு வந்தாள். "சீக்கிரம் பஸ்ஸப் புடி. இன்னைக்கு ஆர்டர் நெறைய, செல்லத்தாயி வேற லீவு. நீ வந்து ரெண்டு ஈடு முறுக்கு எடுத்துக் குடு."

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. "சட்டிகிட்டயா?"

"பின்ன, வாசல்லயா?"